பன்னிரண்டு கோட்டை, அறுபது நிமிடம்

போன மே மாத லீவுக்கு அக்கா பையனும் பொண்ணும் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பையன் ஒன்பதாவது போகப்போகிறான், பொண்ணு நாலாவது. மாம்பழ சீசன், கூடத்து மூலையில் வைக்கோலுக்குள் பழுக்கப் போட்டிருந்த மாங்காய் மணம் வீடு முழுக்க. பையன் போனைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய், போனிலும் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துபோக, என் லேப்டாப்பைப் பார்த்து, "மாமா, இதுல என்ன கேம் இருக்கு?" என்றான்.

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. 1989-இல் வந்த அந்த முதல் ஆட்டம்.

எடுத்துக் கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் மனதில் தூக்கி வைத்திருக்கும் ஒன்றை இவன் ஐந்து நிமிடத்தில் "போர் மாமா" என்று மூடி வைத்துவிட்டால் என்ன செய்வது? பழைய விளையாட்டு இன்றைக்கு எடுபடுமா என்பதை நமக்கு நாமே கேட்டுக்கொண்டால் பதில் சரியாக வராது, ஏனென்றால் பாதி பதிலை நம்முடைய பதினாலு வயதே சொல்லிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் விளையாடுவதைப் பார்த்தால்தான் தெரியும்.

என் பதினாலாவது வயது 1999-இல். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். ஒன்பதாவது முடித்த லீவில், சும்மா சுற்ற வேண்டாம் என்று அப்பா கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். மாடியில் ஒரே அறை, செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும், ஆறு கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்குத்தான் கலர் மானிட்டர். முதல் ஒரு மணி நேரம் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, எல்லாவற்றையும் எழுத்தில் அடித்தே ஓட்டும் இயங்குதளம்) கட்டளைகள், டைப்பிங். கடைசி அரை மணி நேரம் எங்களுடையது. கருப்புத் திரையில் 'பிரின்ஸ்' என்று அடித்து என்டரைத் தட்டினால், கூடவே நெஞ்சும் தட்டும்.

கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசியை அடைத்து வைத்து, என்னைக் கட்டிக்கொள், இல்லையென்றால் சாவு என்று ஒரு மணி நேரம் கெடு வைத்து மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகிறான். அவளுக்குப் பிரியமானவன் கீழே பாதாளச் சிறையில். அவன்தான் நாம். பன்னிரண்டு நிலைகள், அறுபது நிமிடம். உயிர் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், அந்த நிலையின் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கலாம், ஆனால் கடிகாரம் மட்டும் திரும்பாது. செத்த நேரமும் சேர்த்துத்தான் அறுபது.

நிலை, லெவல் என்றெல்லாம் நாங்கள் சொன்னதில்லை. கோட்டை என்போம். "நீ எத்தனாவது கோட்டைடா?" "மூணாவது, எலும்புக்கூடு வருதுல்ல, அங்க." எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் பழைய பெயரே பாராமகால், பன்னிரண்டு கோட்டை கொண்ட சீமை என்று பொருள் சொல்வார்கள். சென்டர் ஜன்னலில் எட்டிப்பார்த்தாலே கோட்டை மலை தெரியும். பன்னிரண்டும் பன்னிரண்டும் பொருந்திப்போனது தற்செயல்தான், ஆனாலும் பெர்சியாவை நாங்கள் எங்கேயோ தூரத்து நாடாக நினைத்ததே இல்லை. ராயக்கோட்டை மலை ஏறும்போது கால் வைக்கும் கல் ஆடினால், "டேய், விழப்போவுது, ஓடு" என்று கத்துவோம்.

கருப்பு வெள்ளை மானிட்டரில் ஆடியதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வழியில் அங்கங்கே மருந்துக் குப்பிகள் இருக்கும். சிவப்புக் குமிழி விட்டால் உயிர் கூடும், நீலக் குமிழி விட்டால் விஷம். எங்களுக்கு இரண்டும் சாம்பல் நிறத்தில்தான் குமிழி விட்டன. அதனால் நிறத்தைப் பார்க்காமல் இடத்தை மனப்பாடம் செய்தோம்: இரண்டாவது கோட்டையில் எது நல்லது, ஐந்தாவதில் எது கெட்டது என்று நோட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தோம். யாரோ ஒருவன் குடித்துச் சாக வேண்டும், அப்புறம் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, சேவ். மூன்றாவது கோட்டையிலிருந்து கண்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் ஆட்டத்தைச் சேமிக்கலாம். ஆனால் சேமிப்பது ஒரே ஒரு கோப்பில். நான் காலை பேட்சில் ஆறாவது கோட்டை வரை போய்ச் சேமித்து வைத்ததை மத்தியான பேட்ச் பையன் நாலாவதை வைத்து அழித்துவிடுவான். மறுநாள் போய்த் திறந்து பார்க்கும்போது வயிறு கலங்கும் பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, அக்கா பையனிடம் வருகிறேன். அவன் ஆடியது எஸ்.டி.எல்.பாப் என்ற இலவச வடிவம். பழைய டாஸ் ஆட்டத்தைப் பிரித்துப் படித்து, இன்றைய கம்ப்யூட்டருக்குத் தோதாக ஆர்வலர்கள் மறுபடி எழுதியது. ஆட்டம் அச்சு அசல் அதேதான்.

முதல் பத்து நிமிடம் அவனுக்கு எரிச்சல். "மாமா, கீ லேட்டா வேலை செய்யுது." லேட் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. அவன் ஆடிப் பழகிய விளையாட்டுகளில் விரலை எடுத்த கணமே ஆள் நின்றுவிடுவான், அந்தரத்தில்கூடத் திரும்புவான். இங்கே ஓடுகிறவன் நின்றால் காலைத் தேய்த்துக்கொண்டு இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். ஓட்டத்தில் திரும்பச் சொன்னால் உடம்பை வளைத்துத்தான் திரும்புவான். தாவச் சொல்லிவிட்டால் தாவி முடிக்கும்வரை உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். அவனுக்கு எடை இருக்கிறது. ஒரு மாடி உயரம் விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு மாடி விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளி போகும், மூன்று மாடி என்றால் முடிந்தது. பையன் முதல் கோட்டையிலேயே நாலு தடவை அப்படி விழுந்தான்.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. ஆளை ஓடவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் பதறிப்போய் ஷிப்ட்டை அழுத்தினான். விழுந்துகொண்டிருந்தவன் நீட்டிய கையால் கல் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். கால் இரண்டும் ஊசலாடி நின்றன. மேல் அம்பை அழுத்தியதும் முழங்கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மெல்ல ஏறி எழுந்து நின்றான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வேண்டுமென்றே இறங்கித் தொங்கி, மறுபடி ஏறிப் பார்த்தான். மூன்று தடவை. எனக்கு அப்போதே உயிர் வந்தது.

அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொன்னேன். ஜோர்டன் மெக்னர் என்பவர்தான் இதை உருவாக்கியவர். கல்லூரியில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்ற ஆட்டத்தைச் செய்து 1984-இல் வெளியிட்டவர். 1985-இல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு போட்டு, ஒரு வண்டி நிறுத்தும் இடத்தில் ஓடச் சொல்லி, தாவச் சொல்லி, சுவரில் தொங்கச் சொல்லி வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் தம்பியின் உருவத்தைக் கோடு பிடித்து ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தார். வாள் சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையை அதே மாதிரி கோடு பிடித்தார். இசை அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னர் போட்டது, அவர் தொழிலால் உளவியலாளர். தம்பி ஓட, அப்பா இசை போட, அண்ணன் இரவும் பகலும் உட்கார்ந்து எழுதிய ஆட்டம் இது. அந்தத் தம்பி மூச்சு வாங்க ஓடிய ஓட்டம்தான் இன்னும் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நொடிக்குப் பன்னிரண்டு படம்தான், ஆனாலும் ஒரு மனுஷன் அசைகிறான் என்று கண் நம்பிவிடுகிறது. இன்றைக்கு எத்தனையோ விளையாட்டுகளில் ஆளின் கண்ணிமை முடிகூடத் தெரிகிறது, ஓடும்போது மட்டும் கால் தரையில் படாமல் வழுக்குகிற மாதிரி இருக்கிறது.

இந்த அசைவு ஒன்றுக்காகவே இந்த ஆட்டம் இன்றைக்கும் எடுபடும் என்பது என் முடிவு. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. எடை இருப்பதால்தான் ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து கூரான ஈட்டி முளைக்கும் இடத்தில் ஓடினால் சாவு, அடி மேல் அடி வைத்து நடந்தால் ஒன்றும் ஆகாது. கத்தரி மாதிரி மூடித் திறக்கும் வாயிலில் நேரம் பார்த்து நுழைய வேண்டும். செத்தால், "கேம் சரியில்லை" என்று சொல்ல வழியே இல்லை, நாம்தான் ஒரு அடி கூட வைத்துவிட்டோம். பையன் இரண்டாம் நாள் சாயங்காலம் தானாகவே, "இந்த ஜம்ப்புக்கு ஒரு ஸ்டெப் பின்னாடி வரணும் மாமா" என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வாள் சண்டை இன்றைக்குக் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. தடுக்க ஒரு கீ, வெட்ட ஒரு கீ, தாளம் பிடிபட்டுவிட்டால் பாதிக் காவலாளிகளை ஒரே மாதிரி முடித்துவிடலாம். பின்பாதிக் கோட்டைகளில் வழி தெரியாமல் சுற்றுவது அலுப்பு. நீளமான நிலையின் கடைசியில் செத்தால் முதலிலிருந்து வர வேண்டியது அதைவிட அலுப்பு, அதை என் பதினாலு வயது பொறுத்துக்கொண்டது, இந்தப் பையன் பொறுத்துக்கொள்ளவில்லை, அவனைக் குறை சொல்லவும் முடியாது. எஸ்.டி.எல்.பாப்பில் எந்த இடத்திலும் சட்டென்று சேமிக்க எஃப்6 இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு கோட்டைக்கு ஒரு தடவைதான்.

அப்புறம் இளவரசி. சின்னவள் அண்ணன் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தவள், கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவில் வரும் காட்சியில், "அந்தக்கா ஏன் உட்கார்ந்துக்கிட்டே இருக்காங்க? அவங்களே கதவைத் திறந்துக்கிட்டு வர வேண்டியதுதானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. மணல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருப்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள், இந்த ஆட்டத்தில் மிக அதிகமாகப் பழசாகிப்போனது அதுதான்.

பழசாகாத இன்னொன்று நிழல். நாலாவது கோட்டையில் வெளியேறும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வரும்போது, வந்த வழியில் முன்பு இல்லாத ஒரு கண்ணாடி நிற்கும். வேறு வழியே கிடையாது, ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் போலவே ஒருவன் வெளியே பாய்ந்து எதிர்த்திசையில் ஓடிவிடுவான், நம் உயிர் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். ஐந்தாவதில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் முந்திக்கொண்டு குடித்துவிடுவான். ஆறாவதில் நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிப் பள்ளத்தில் தள்ளுவான். பையன், "யார் மாமா இவன்?" என்று கத்தியதும் நாங்கள் 1999-இல் கத்தியதும் ஒரே குரல்.

அந்த நிழல் பிறந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆப்பிள் டூ-வின் நினைவகத்தில் கதாநாயகனின் படங்களே இடத்தை அடைத்துக்கொண்டதால் எதிரி என்று ஒருவனை வைக்க இடமில்லாமல் போயிற்று. கூட வேலை செய்த டோமி பியர்ஸ் என்பவர் சண்டை வேண்டும், சண்டை வேண்டும் என்று மெக்னரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். புதுப் படம் ஒன்றுகூடச் சேர்க்காமல், இருக்கிற உருவத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்துக் கழித்தால் என்ன ஆகும் என்று பார்த்தபோது, மங்கலாக மினுங்கும் பேய் மாதிரி ஓர் உருவம் கிடைத்தது. அதுதான் நிழல். காவலாளிகள் அதற்கப்புறம் வந்தவர்கள். இடமில்லாத கொடுமையில் பிறந்தவன்தான் ஆட்டத்தின் உயிராகவே ஆகிவிட்டான்.

பன்னிரண்டாவது கோட்டையில் அவனோடு நேருக்கு நேர் மோத வேண்டும். சென்டரில் அங்கே வரை போனவன் ஒரே ஒரு அண்ணன், பாலிடெக்னிக் படித்தவர். நாங்கள் எல்லாரும் நாற்காலியைச் சுற்றி நின்றோம். நிழலை வெட்ட வெட்ட அவர் உயிரும் குறைந்தது. எத்தனை தடவை ஆடினாலும் அப்படியே. கரண்ட் போகும்வரை ஆடினார், அன்றைக்கு யாருக்கும் விடை தெரியவில்லை.

2012-இல் ஒரு செய்தி படித்தேன். இந்த ஆட்டத்தின் மூல நிரல், அதாவது மெக்னர் எழுதிய அசல் புரோகிராம், பல வருஷமாகத் தொலைந்துபோனது என்று எல்லாரும் நினைத்திருக்க, மெக்னரின் அப்பா தன் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியில் அந்தப் பழைய டிஸ்குகளைக் கண்டெடுத்திருக்கிறார். அதிலிருந்து மீட்டு, எல்லாரும் பார்க்கும்படி மெக்னரே வெளியிட்டுவிட்டார். படித்த கையோடு, பழைய டாஸ் ஆட்டங்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு மறுபடி ஆட உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது கோட்டை, நிழல். நாலு தடவை வெட்டிச் செத்த பிறகு, அலுத்துப்போய்க் கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில் போட்டேன். எதிரே அவனும் போட்டான். ஓடிப்போய் அவன் மேல் மோதினேன், இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். பள்ளத்தின் மேல் அடி வைத்தேன், காலுக்குக் கீழே தரை தானாக வந்துகொண்டே இருந்தது. அறை மூலையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அந்தப் பாலிடெக்னிக் அண்ணனைத் தேடிச் சொல்ல வேண்டும் போலிருந்தது, எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

இதைப் பையனிடம் நான் சொல்லவில்லை. அவனாகக் கண்டுபிடிக்கட்டும்.

அவன் என்னிடம் கேட்ட நல்ல கேள்வி வேறு: "கொஞ்சம் ரிவைண்ட் பண்ண முடியாதா மாமா?" இதே பெயரில் 2003-இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தில் அதுதான் முக்கிய வித்தை, தவறி விழுந்தால் காலத்தையே பின்னால் இழுக்கலாம். அதுவும் அருமையான ஆட்டம்தான். ஆனால் பழையதில் ஸ்பேஸை அழுத்தினால் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று மட்டும்தான் காட்டும். அதை அழுத்திப் பார்க்கும்போதெல்லாம் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

ஒரு வாரத்தில் ஏழு கோட்டை தாண்டினான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து கூட்டிப்போகும்போது ஆட்டத்தைச் சேவ் கோப்போடு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன், 37 நிமிடம் மிச்சமிருந்தது. முழு ஆட்டமும் அந்தக் காலத்தில் ஒரு பிளாப்பியில் அடங்கியது என்றதும் அவன் நம்பவே இல்லை.

எட்டாவது கோட்டையைப் பற்றி மட்டும் ஒரு பழைய கதை இருக்கிறது. அங்கே ஓர் இடத்தில் நாம் உள்ளே போனதும் பின்னால் கதவு இறங்கிவிடும். திரும்பி வந்தால் திறக்க ஒரு பொத்தானும் கிடையாது. 1999-இல் நான் அங்கே மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து, சாரைக் கூப்பிட்டு ரீசெட் செய்யச் சொல்லிவிட்டேன். அந்த லீவில் அதற்குமேல் நான் போகவே இல்லை. ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தால், இளவரசி அனுப்பிய சின்ன வெள்ளை எலி ஒன்று ஓடிவந்து அந்தப் பக்கத்துப் பொத்தானில் ஏறி நின்றிருக்கும். சின்னவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ராத்திரி தர்மபுரியிலிருந்து போன் வந்தது.

"மாமா, கேட் மூடிக்கிச்சு. எல்லா கீயும் அழுத்திப் பாத்துட்டேன். ஹேங் ஆயிடுச்சா?"

"எந்தக் கோட்டைடா?"

"எட்டு. டைம் வேற ஓடுது மாமா, விட்டுட்டு மறுபடி லோட் பண்ணட்டுமா?"

"ஒண்ணும் பண்ணாத. கையை எடுத்துட்டு அப்படியே நில்லு."

"எவ்ளோ நேரம்?"

"நில்லுடா. பாப்பாவையும் கூப்பிடு, பாக்கட்டும்."

பாப்பா ஓடிவரும் கொலுசுச் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரின் மூச்சு மட்டும். பிறகு அந்தக் கதவு தடதடவென்று மேலே ஏறுகிற சத்தம் போனில் கேட்டது, அதற்கு மேலாகச் சின்னவள், "எலி! எலி! அந்தக்கா எலி!" என்று கத்துவதும்.